முறுக்கு எண்ணெயில் குளித்த மோதிரம்

கேட்காமல் செய்யும் உதவியைப் போல ஒரு குடும்பத்துக்கு ஆபத்தானது வேறொன்றும் இல்லை. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். (என் மனைவி இதைப் படித்தால், "அனுபவிச்சது நீங்களா, நானா?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.)

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் எனக்கு வேலை. இரும்புப் பாகங்களை உலையில் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுப்போம். அப்படி முக்கினால்தான் இரும்பு உறுதிப்படும். வருடக்கணக்கில் இதையே செய்கிறவனுக்கு, சூடாக எதைப் பார்த்தாலும் கை தானாக எண்ணெயைத் தேடும். இந்த வியாதிக்கு அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த பெயர் திறமை.

மனைவி முத்துலட்சுமி அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர்க்காரி. நான் வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரன். கல்யாணம் ஆகும்வரை கடலை நேரில் பார்க்காத ஜென்மம். எங்கள் கல்யாணத்தில் அவளுடைய அண்ணன் வேலுவுக்குச் சம்மதம் இல்லை. அவள் ஊரில் சொல்லாமல் வந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாள். வரும்போது ஒரு சூட்கேஸும் ஒரு ஊறுகாய் ஜாடியும் கொண்டுவந்தாள்.

அந்த ஜாடியில் வெள்ளையும் பச்சையுமாக, பனி படிந்த மாதிரி மங்கலாக ஏதோ கட்டி கட்டியாக இருந்தது. புது மாப்பிள்ளை அல்லவா, கல்கண்டு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இனிக்கவில்லை. கடித்தும் பார்த்தேன்.

"ஏங்க, துப்புங்க! அது கண்ணாடி!"

கடலில் யாரோ எப்போதோ எறிந்த சோடா பாட்டில்கள் உடைந்து, அலையிலும் மணலிலும் உருண்டு உருண்டு, கூர் மழுங்கிக் கரைக்கு வருமாம். சின்ன வயதிலிருந்து அண்ணனும் தங்கையும் பொறுக்கிச் சேர்த்தது. ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். அதில் எங்கு தடவியும் விரலைக் கிழிக்கும் முனை இல்லை. நான் இரும்பை வழிக்குக் கொண்டுவர உலையும் எண்ணெயும் வைத்து மாரடிக்கிறேன். கடல் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இதைச் செய்திருக்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. (வாயில் இருந்ததை இன்னும் துப்பாததும் ஒரு காரணம்.)

பாப்பா பிறந்து வேலையை விட்ட பிறகு, முத்து இந்தக் கண்ணாடியை வைத்து நகை செய்ய ஆரம்பித்தாள். எங்கள் தொழிற்சாலையில் மெஷின் பக்கம் கொலுசு போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் அவளுடைய தோழிகள் வீட்டிலெல்லாம் அறுந்த கொலுசும் கறுத்த மெட்டியும் சும்மாவே கிடந்தன. அவற்றை வாங்கி, மாடியில் துணி காயப்போடும் கொட்டகையில் ஒரு கேஸ் டார்ச்சை வைத்துக்கொண்டு உருக்குவாள். பெங்களூர் அபார்ட்மென்ட் சந்தைகளில் அவை போட்டி போட்டுக்கொண்டு விற்றன.

முதல் தடவை அவள் உருக்கியபோது பக்கத்தில் நின்றிருந்தேன். நெருப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் உலைக்குக் கதவு உண்டு, உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. இங்கே ஒரு சின்ன மண்கிண்ணத்தில் அழுக்குக் கொலுசுத் துண்டுகள் சுருண்டன, குழைந்தன, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. சட்டென்று எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகி, கண்ணாடி போலப் பளபளத்தது. அதற்குள் மேலே தொங்கிய பல்பு தெரிந்தது. கொடியில் ஆடிய என் லுங்கி தெரிந்தது. எத்தனையோ பெண்களின் கால்களில் நடந்து தேய்ந்த வெள்ளி, பழசையெல்லாம் மறந்துவிட்டு இப்போதுதான் பிறந்ததைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கைகூப்பிவிட்டேன். "என்னங்க, சாமியா வந்திருக்கு?" என்று அவள் சிரித்தாள். வந்த மாதிரிதான் இருந்தது.

அந்த ஜாடியில் ஒரே ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. சிவப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாம். அதை முதலில் பார்த்தது யார், எடுத்தது யார் என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் சின்ன வயதில் தீராத சண்டை. ஊரைவிட்டு வரும்போது அவள் அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பின் அண்ணன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பாப்பாவுக்குக் காது குத்த நேரம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது? முத்து தயங்கித் தயங்கி அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பதிலுக்கு "வாரேன்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமன் சீர் கொண்டுவந்தால் நாமும் அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா? அந்தச் சிவப்புத் துண்டை வைத்து ஒரு வெள்ளி மோதிரம் செய்து அண்ணன் விரலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அண்ணன் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கொலுசை அதற்காக உருக்கினாள். "அவனே வச்சுக்கிடட்டும். சண்டை முடிஞ்சா சரி" என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

அண்ணன் வந்து இறங்கும் நாள் காலையில், அவருக்குப் பிடிக்கும் என்று முறுக்கு சுட்டாள். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். போகும்போது, "மோதிரத்த மட்டும் தொட்டுராதீங்க. அண்ணன் விரல் அளவு பாத்துட்டுத்தான் கல்ல உக்கார வைக்கணும்" என்றாள். நான் டீ குடித்துக்கொண்டே தலையாட்டினேன். தலைதான் ஆடியது, காது வேலை செய்யவில்லை.

அவள் போன பிறகு மோதிரத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்புத் துண்டு அதற்குரிய வெள்ளிக் குழியில் உட்கார்ந்திருந்தது. ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று சத்தம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் கடகடத்தால் அது ரிஜெக்ட். பாவம், அண்ணன் வருகிற பதற்றத்தில் பற்றவைக்க மறந்துவிட்டாள் என்று எனக்கு மனசு உருகிவிட்டது. அவர்கள் வருவதற்குள் முடித்து வைத்தால் மச்சான் முன்னால் நமக்கும் ஒரு மதிப்பு. கண்ணாடியே நெருப்பில் பிறந்ததுதானே, அதற்கு நெருப்பு என்ன செய்யும்? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருந்தாலே போதும்.

டார்ச்சைப் பற்றவைத்தேன். இடுக்கியில் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் காட்டினேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒட்டுவதற்காக ஓரத்தில் வைத்த பற்றுவெள்ளி இளகிச் சுற்றிலும் ஓடிப் பிடித்தது. தீயின் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு, உள்ளே யாரோ விளக்கு ஏற்றியதைப் போல இருந்தது. நான் பிறவிக் கலைஞன் என்பது இத்தனை நாள் எனக்கே தெரியாமல் போயிற்றே என்று கண் கலங்கினேன்.

சூடான பொருள் கையில் இருக்கிறது. அடுத்து என்ன? முக்க வேண்டும்.

பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. ஆனால் தண்ணீர் முரடு, விரிசல் விட்டுவிடும், எண்ணெய்தான் மென்மை. அதுவும் வெதுவெதுப்பான எண்ணெய் என்றால் இன்னும் நல்லது. இது எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே நடத்தும் பாடம். மோதிரத்தோடு படியிறங்கி அடுப்படிக்கு ஓடினேன். முறுக்கு சுட்ட வாணலி அடுப்பிலேயே இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அளவெடுத்த மாதிரி.

முக்கினேன்.

"சொய்ங்" என்றது. புகை கிளம்பியது. அதற்குள்ளிருந்து "டிக்" என்று சின்னதாக ஒரு சத்தம்.

எதிர்ப் போர்ஷனிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும்; வீட்டை 'மனெ' என்பார். "ஏனப்பா, மனெ கினெ சுட்டுடப் போற!"

"முறுக்கும்மா" என்றேன்.

ஜல்லிக்கரண்டியை விட்டுத் துழாவினேன். முதலில் ஒரு முறுக்குத் துணுக்கு வந்தது. பிறகு மோதிரம் வந்தது, குழி காலியாக. பிறகு கல் வந்தது, பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மச்சானை வரவேற்க நான் போய் நின்ற கோலம்: ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, மறு கையை நெஞ்சில் வைத்து, "வாங்க மச்சான்." அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, இறுகிய முகம்.

"தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?"

"இருக்கட்டும்மா."

முத்துவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதற்கு முன் அவள் அண்ணனை 'நீங்க' என்று சொன்னதே இல்லையாம். அவர் அவளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவாராம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை இருவரும் இப்படி மரியாதையாகவே பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதைவிடப் பேசாமலே இருந்திருக்கலாம். பாப்பா மாமனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, மாடியில மோதிரம் இருக்கும். எடுத்துட்டு வாங்க, அண்ணனுக்கு அளவு பாக்கணும்."

மாடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கரண்டியை அப்படியே நீட்டினேன்.

அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்படியில் இருந்த வாணலியைப் பார்த்தாள். ஹீட் ட்ரீட்மென்ட்காரனின் மனைவிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரிய துண்டை எடுத்து முந்தானையில் துடைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

வெளியே அது பழைய மங்கல் சிவப்புதான். உடைந்த முகமோ தெளிந்த தண்ணீர் மாதிரி, எரிகிற தணல் மாதிரி. கடல் எத்தனையோ காலம் புரட்டியும் உள்ளே ஒரு மயிரிழைகூடத் தேயவில்லை. ஜன்னல் வெயில் அதற்குள் புகுந்து, மச்சானின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராகச் சிவப்பாக விழுந்தது. நான் செய்த அநியாயம்கூட ஒரு நிமிஷம் எனக்கு மறந்துபோயிற்று.

"உள்ள இப்பிடியா இருந்துச்சு?" என்றார் மச்சான் மெதுவாக. எழுந்து வந்து கையை நீட்டினார்.

முத்து கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, குடு இங்க!"

"சின்னத எடுத்துக்க."

"மொதல்ல பாத்தது நாந்தான்!"

"பாத்தா ஆச்சா? தண்ணியில எறங்கி எடுத்தது ஆரு?"

"நீயா? முட்டளவு தண்ணியில நின்னு ஒப்பாரி வச்சவ நீ. எடுத்து உங் கையில குடுத்தவன் நான். வாங்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம அதையும் தூக்கிட்டுப் போனவளும் நீதான்!"

"சொன்னா விட்டுருப்பியா?"

"விட்டுருக்க மாட்டேன்!" என்று கத்தினார். அடுத்த வார்த்தை கத்தலாக வரவில்லை. "அதுக்காகச் சொல்லாமப் போவியாட்டி?"

முத்து அழுதாள். அவரும் அழுதார். அழுதுகொண்டே, பெரிய துண்டு யாருக்கு என்று சண்டையும் போட்டார்கள். நான் கரண்டியோடு ஓரமாக நின்று அழுதேன். இத்தனை வருட மௌனம் இப்படி ஒரு சண்டையாக உடைந்து கொட்டியதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் மலைக்கோயிலில் மாமன் மடியில் உட்கார்ந்து, மாமனையே கடித்து, பாப்பா காது குத்திக்கொண்டது. சின்னத் துண்டின் முனைகளை முத்து தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கி, அதை அண்ணன் மோதிரத்தில் வைத்தாள். பெரியது அவள் கழுத்தில் தொங்குகிறது. உடைந்த முகம் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறாள். சந்தையில் அது வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை, விற்க மாட்டாள். இரண்டையும் முகர்ந்தால் இன்னும் முறுக்கின் ஓமம் மணக்கிறது என்று மச்சான் சாதிக்கிறார்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் எதைப் பங்கு போடுவதில் தகராறு வந்தாலும், "மாப்ளகிட்ட குடுங்க, எண்ணெயில முக்கித் தருவாரு" என்பதுதான் இன்றுவரை தீர்ப்பு. போன மாதம் மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பையனும் எங்கள் பாப்பாவும் ஒரு பொம்மைக் காருக்காக முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தால், இரண்டும் அந்தக் காரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்கின்றன.

"அப்பா, முக்குங்க" என்றாள் பாப்பா.