இரண்டு மணி பஸ்ஸும் ஒரு களிமண் யானையும்

யானைக்கு ஒரு காதைக் காணோம்.

இப்போதுதான் கங்காதரன் அதை வைத்துவிட்டுப் போயிருந்தான். அகலமான பூவரச இலைகளாகப் பொறுக்கி, ஈர்க்குச்சியால் விசிறி மாதிரி தைத்து, களிமண் தலையில் செருகி, பின்னால் நகர்ந்து நின்று பார்த்து, "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துவிட்டு, கை கழுவ ஏரித் தண்ணீர் வரை போனான். திரும்பி வந்தால் யானை ஒற்றைக் காதோடு நிற்கிறது. பக்கத்தில், அதே தெரு ஹலீமா பீ வீட்டு வெள்ளாடு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல வானத்தைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.

"ஏய்! இத யாரு அவுத்து வுட்டது?"

"தானா வந்துச்சிப்பா" என்றாள் மகள் யோகலட்சுமி.

"வந்தா தொரத்த மாட்டீங்களா?"

"நாங்க மண்ணு அள்ளப் போனோம் அங்கிள்" என்றான் பக்கத்து வீட்டு சுஹேல் அகமது. அவன் தங்கை ஹீனா, ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் முழங்கை வரை களிமண். மூக்கிலும் கொஞ்சம்.

கங்காதரன் மணி பார்த்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். கப்பலுக்குச் சரக்கு போகவேண்டிய அவசரம், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இரண்டு மணிக்கு மாதனூர் முனையில் கம்பெனி பஸ் வரும். அதற்குள் யானை முடிந்தாக வேண்டும்.

முடியாவிட்டால் மானம் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எழிலரசி டீச்சர், "வெட்டவெளியில, மண்ணு, இலை, கல்லு வெச்சு, அப்பா அம்மாவோட சேந்து ஒரு சிற்பம் செய்யுங்க. ஆணி, பிளாஸ்டிக் கூடாது. திங்கக்கிழமை நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் ஆமை, மீன் என்று அடக்கமாகச் சொல்ல, யோகலட்சுமி எழுந்து நின்று, "எங்கப்பா யானை செய்வாரு" என்று அறிவித்துவிட்டாள்.

ஏற்கெனவே ஒருமுறை ஏலகிரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றான், ஷிப்மென்ட் வந்து அது நின்றுபோனது. அப்புறம் பள்ளி ஆண்டு விழாவில் அவள் நடனம். மேடையில் அவள் ஆடியபோது இவன் ஆம்பூரில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தான். இன்றும் பாதியில் ஓடினால், அப்பன் வாக்கை அவள் செல்லாக் காசு மாதிரி தூக்கிப் போட்டுவிடுவாள்.

அதனால்தான் காலையிலிருந்து ஏரிக்கரையைத் தொழிற்சாலையாக மாற்றியிருந்தான். சுஹேல் கட்டிங். இலை, குச்சி, தென்னைமட்டை எல்லாம் அவன் பொறுப்பு. ஹீனா மண் பிசைகிற டிபார்ட்மென்ட். யோகா பினிஷிங். கங்காதரன் மேற்பார்வை.

மேற்பார்வை என்றால் சும்மா இல்லை. பிள்ளைகள் உருட்டி வைத்த நான்கு கால்களையும் குனிந்து பார்த்தவன், பிடித்தான் ஒரு பிடி.

"இன்னா இது? மூணு லெப்ட்டு, ஒரு ரைட்டு?"

"யானைக்கு ஏது அங்கிள் லெப்ட்டு ரைட்டு?"

"நகம் எந்தப் பக்கம் சாயுது பாரு. ஜோடி சேராத கால வெச்சு சரக்கு அனுப்ப முடியுமா? ரிஜெக்ட்!"

ஹீனாவுக்கு அழுகை வந்தது. காலைப் பிய்த்து, கூழாங்கல் நகங்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் பதித்ததில் அரைமணி நேரம் போனது.

சரி, காதுக்கு வருவோம்.

"பூவரசு வெச்சாத்தானே தின்னும்? தேக்கு இலை வெப்போம். சொரசொரன்னு இருக்கும், ஆடு கிட்டவே வராது" என்றான் கங்காதரன். "ஆனா காவலுக்கு ஒரு ஆளு வேணும்."

"நான் இருக்கேன்பா!" கையைத் தூக்கிக் குதித்தாள் யோகலட்சுமி.

அவள் பொறுப்புணர்ச்சியை நினைத்து அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

தேக்கு இலை கனம். ஈர்க்குச்சி தாங்கவில்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினான். காது நின்றது. தலை, உச்சியிலிருந்து நெற்றி வரை வெடித்தது.

"தண்ணி! தண்ணி ஊத்துங்க!"

ஊற்றினார்கள். சந்தோஷமாகவே ஊற்றினார்கள். அவன்மேலேயும் ஊற்றினார்கள். வெடிப்பு மூடிக்கொண்டது. ஊறிய தலை மெதுவாக, மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி, குனியத் தொடங்கியது. முகம் மார்பைப் போய்த் தொட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி சந்திரா சோற்றுத் தூக்கோடு வந்தாள். சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"இன்னாங்க இது, பன்னியா?"

"யானை."

"அப்படியா? யானை ஏன் குனிஞ்சு வயித்தப் பாக்குது?"

"நீ சோத்த வெச்சிட்டுக் கெளம்பு."

"எனக்கின்னா, நான் கெளம்பறேன். டீச்சர் பாத்துட்டு பன்னின்னா நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காதரன் விடுவானா? தலைக்கு முட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு தென்னைமட்டையைத் தாடைக்கும் தரைக்கும் நடுவில் நிறுத்தினான். அட! முட்டுக்கு முட்டும் ஆச்சு, தும்பிக்கைக்குத் தும்பிக்கையும் ஆச்சு.

"சூப்பர்ப்பா!" என்று கத்தினாள் யோகா. சுஹேல் யானை மாதிரியே பிளிறினான். கங்காதரனும் ஒருமுறை பிளிறிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் மட்டை வழுக்கியது. பிடிமானத்துக்கு வேலியிலிருந்து கோவைக்கொடி அறுத்து வந்து, மட்டையிலிருந்து கழுத்து வரை சுற்றிச் சுற்றிக் கட்டினான். பச்சைப் பசேலென்று, தும்பிக்கைக்கு நகை போட்ட மாதிரி இருந்தது.

போன் அடித்தது. உடன் வேலை செய்யும் பிரேம்குமார்.

"எங்கண்ணா இருக்க? பஸ்ஸு கெளம்பிடுச்சி."

"வந்துட்டேன், வந்துட்டேன். வால் மட்டும்தான் பாக்கி."

"இன்னாது பாக்கி?"

"நீ சீட்டு புடிச்சு வையி!"

வாலுக்குத் தென்னம்பாளை தேடி அந்தப் பக்கம் போனான். பாளையோடு திரும்பினான்.

ஆடு கோவைக்கொடியைத் தின்றுகொண்டிருந்தது. அவன் "ஏய்!" என்று அலறியதும், வாயிலிருந்த கொடியை விடாமல் ஓடியது. கொடியோடு மட்டை போனது. மட்டையோடு தலை போனது. இரண்டு காதும் பொத்தென்று மண்ணில் கவிழ்ந்தன.

"யோகா! காவல் இருக்கேன்னியே!"

"ஒரு நிமிஷம் அசந்துட்டேன்பா" என்றாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு. "மறுபடியும் செய்யலாம்பா."

மறுபடியுமா! முனையிலிருந்து பஸ் ஹாரன் கேட்டது.

கங்காதரன் ஓடினான். முழங்கால் வரை சேறு, தலையில் ஒரு தேக்கு இலை, கையில் தென்னம்பாளை. டிரைவர் சமீருல்லா எட்டிப் பார்த்தார்.

"இன்னா கங்கா, எருமை முட்டிச்சா? ஏறு, லேட் ஆவுது."

ஒரு காலைப் படியில் வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்த்தான். ஏரிக்கரை மேட்டில் மூன்று சின்ன உருவங்கள் வரிசையாக நின்றன. நடுவில் இருந்தது கையாட்டவில்லை. போகாதே என்று கூப்பிடவும் இல்லை. சும்மா நின்றது. அந்தச் சும்மா நிற்றல்தான் அவனை என்னவோ செய்தது.

காலைக் கீழே எடுத்தான்.

"நான் வர்ல பாய்."

"சூப்பர்வைசரே வர்லன்னா? மேனேஜர் கேட்டா இன்னா சொல்றது?"

"யானைக்குத் தலை உழுந்துடுச்சின்னு சொல்லுங்க."

பஸ் போய்விட்டது. கங்காதரன் பாளையைக் கத்தி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான். மூன்றும் கூச்சலிட்டுக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தன.

அதற்கப்புறம் மேற்பார்வை இல்லை. டிபார்ட்மென்ட் இல்லை. லெப்ட்டும் இல்லை, ரைட்டும் இல்லை. "நிக்கற யானை எதுக்கு? படுத்த யானை செய்வோம்! உழவே உழாது!" என்றான். ஹீனா வயிற்றுக்கு மண்ணைப் பந்து பந்தாக எறிந்தாள். சுஹேல் புங்கங்காயில் கண் வைத்தான், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கண்ணடிக்கிற யானை என்று அதையும் ஒத்துக்கொண்டார்கள். யோகா அப்பாவின் தோளில் ஏறி முதுகுக்குப் பூச்சு பூசினாள். பாதிப் பூச்சு அப்பா முதுகுக்குப் போனது. தும்பிக்கை வளைந்து வளைந்து ஏரித் தண்ணீர் வரை நீண்டுகொண்டே போனது. நிறுத்த யாருக்கும் மனசில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஏரிக்கரையில் ஒரு மாபெரும் யானை படுத்திருந்தது. அதன்மேல் மூன்று பிள்ளைகள். பக்கத்தில் சாய்ந்து, அதே நிறத்தில், கங்காதரன்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஷிப்மென்டாவது, மேனேஜராவது! யாரும் சொல்லாமல், யாரும் தூண்டாமல், தன் வாழ்க்கையில் தானாக எடுத்த முதல் முடிவு. எந்த அப்பனுக்கு வரும் இந்தத் தைரியம்? மகளைப் பார்த்துக் கம்பீரமாகப் புன்னகைத்தான். அவளும் புன்னகைத்தாள். கொஞ்சம் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது போலவும் இருந்தது.

கரையோரமாக ஹலீமா பீ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஆட்டைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். பிறகு யானைமேல் இருந்தவளைப் பார்த்தாள்.

"இன்னாம்மா யோகா, 'எங்கப்பா கம்பெனி பஸ்ஸு போற வரைக்கும்தான் ஆன்ட்டி, அப்புறம் கொண்டாந்து கட்டிடறேன்'னு சொல்லித்தானே காலைல ஆட்டப் புடிச்சினு வந்த? பஸ்ஸு போயி எவ்ளோ நேரம் ஆவுது!"