மஞ்சக் கோட்டுல விழுந்த வாந்தி

வெளிநாட்டு விமானநிலையத்துல இறங்கின பத்தாவது நிமிஷம், பாஸ்போர்ட் கவுன்டருக்கு முன்னாடி தரையில எல்லையாப் போட்டிருந்த மஞ்சக் கோட்டு மேல, நாலு வயசுக் குட்டிமா வாந்தி எடுத்தா. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ரெண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் வராதபடி.

விமானத்துலயே ரெண்டு தடவை ஆச்சு. உதடு காஞ்சு, துவண்டுபோய் அம்மா தோள்ல கிடந்தா. தண்ணி பாட்டிலை விமானம் ஏறும்போதே பிடுங்கிட்டாங்க. தண்ணிக் குழாய் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருபதடி தள்ளி இருக்கு.

"சார், குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணி"ன்னா சித்தி. சட்டம் படிக்கிறவ. அக்கா குடும்பத்தோட ஊர் பாக்க வந்தவ. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"முதல்ல இது யாரோடதுன்னு முடிவாகணும்"னாரு கவுன்டர் அதிகாரி.

"நீங்கதான பாத்தீங்க? குழந்தையோடது."

"எடுத்தது குழந்தை. பொறுப்பு யாருன்னு கேக்குறேன். உங்க பக்கம் விழுந்தது விமானக் கம்பெனி சமாச்சாரம். எங்க பக்கம் விழுந்தது, அனுமதியில்லாம நாட்டுக்குள்ள கொண்டுவந்த உணவுப்பொருள்."

"உணவுப்பொருளா? சாப்புட்டுப் பாத்து எழுதிக்கிறீங்களா?"

"ஏய், சும்மா இருடி"ன்னு அக்கா கெஞ்சினா. "உள்ள விடமாட்டாங்கடி."

மேலதிகாரி அளவு நாடாவோட வந்தாரு. முட்டி போட்டு, மூக்கைப் பிடிச்சு, மூணு தடவை அளந்தாரு. தங்கள் நாட்டு எல்லைக்குள் நாலு சென்டிமீட்டர் கூடுதலா ஊடுருவல் நடந்திருப்பதா வருத்தத்தோட அறிவிச்சாரு. ஒரு படிவம் நீட்டினாரு. அதுல 'வருகையின் நோக்கம்'ங்கிறதை அடிச்சுட்டு, 'வாந்தியின் நோக்கம்'னு பேனாவுல எழுதியிருந்துச்சு. சுற்றுலா, வியாபாரம், உறவினர் சந்திப்பு. ஒண்ணைத்தான் டிக் பண்ணலாம்.

அக்கா சுற்றுலாவுல டிக் பண்ணா.

அக்கா வீட்டுக்காரர் இதுல எதுலயும் கலந்துக்கல. போன்ல குழந்தை வளர்ப்பு நிபுணர் ஒருத்தரோட வீடியோ பாத்துக்கிட்டிருந்தாரு. "வாந்தி எடுக்குற குழந்தைகிட்ட வாந்தின்னு சொல்லக் கூடாதாம். உடம்பு நம்மகிட்ட பேசுதுன்னு சொல்லணுமாம்."

"மாமா, அது ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டுதான் இருக்கு. தண்ணி கேக்குது!"

மறுபடி மேலதிகாரி பக்கம் திரும்பி சட்டம் பேச ஆரம்பிச்சா சித்தி. மனித உரிமை, குழந்தை உரிமை, சர்வதேச ஒப்பந்தம். கழுத்து நரம்பு புடைச்சுச்சு. வரிசையில நின்னவங்க கை தட்டுனாங்க. சித்தி குரலை இன்னும் ஏத்துனா.

அந்த நேரத்துல கூட்டுற அம்மா ஒருத்தங்க வாளியோட வந்தாங்க. யாரையும் கேக்கல. மஞ்சக் கோட்டைச் சுத்தமாத் துடைச்சாங்க. கையைக் கழுவிட்டு வந்து, தன்னோட பிளாஸ்க் மூடியில தண்ணி ஊத்தி, குட்டிமா உதட்டுல வச்சாங்க.

"மடக் மடக்னு குடிக்கக் கூடாது கண்ணு. ஒரு வாய். கொஞ்சம் பொறு. இன்னொரு வாய்."

கால் மணி நேரத்துல குட்டிமா கண்ணைத் தொறந்து, "சித்தி ஏன் கத்துறா?"ன்னு கேட்டா.

அப்பத்தான் மேலதிகாரி குனிஞ்சு பாத்தாரு. தரை பளபளன்னு இருந்துச்சு. அவருக்கு முகம் வெளுத்துடுச்சு.

"சாட்சியம் எங்க?"

எல்லாரும் வாளியைப் பாத்தாங்க.

"பதிவு பண்ணின வாந்தி காணோம்னா கோப்பை மூட முடியாது. ரெண்டு வழி இருக்கு. குழந்தை மறுபடி எடுக்கணும்."

"இல்லன்னா?"ன்னு கேட்டா சித்தி.

"சாட்சியத்தை இந்த ஊழியர்தான் அழிச்சாங்கன்னு நீங்க கையெழுத்துப் போடணும். உடனே உள்ள போலாம்."

கூட்டுற அம்மா மூடியைப் பிளாஸ்க்ல திருகிக்கிட்டு நின்னாங்க. அக்கா கையெழுத்துப் போட்டா. மாமா போன்லேர்ந்து கண்ணை எடுக்காமலே போட்டாரு. சித்தி படிவத்தை ரெண்டு தடவை படிச்சா. எழுத்துப்பிழை ஒண்ணைத் திருத்தினா. போட்டா.

டாக்ஸியில ஏறினதும் சித்திக்கு ஆத்திரம் அடங்கல. போனை எடுத்து, நடந்ததைப் பக்கம் பக்கமா எழுதி ஊருக்கே தெரியற மாதிரி போட்டா. ஓட்டல் வாசல் வர்றதுக்குள்ள அறுநூறு பேர் கொதிச்சுப்போய்ப் பகிர்ந்துட்டாங்க. அதுல கடைசி வரி எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு:

'அவ்வளவு பெரிய விமானநிலையத்துல மனுஷங்கன்னு ஒருத்தர்கூட இல்ல.'