ஆறாம் மாடி உம் ஹாஸிம்

இந்தக் கட்டடத்தில் இனி ஒரு ஹம்ஸாவும் அநாதையாகக் கிடக்கக் கூடாது என்று உஸ்தாத் ரஷ்வான் தீர்மானம் எடுத்தது, சுங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்.

ஹம்ஸா என்பது அரபியில் அலிஃப் எழுத்தின் தலையிலோ காலடியிலோ உட்காரும் சின்னக் கொக்கி. போர்ட் சயீதில் முக்கால்வாசிப் பேர் அதைப் போடுவதில்லை. போடாததால் யாருக்கும் சோறு கிடைக்காமல் போனதில்லை. கால்வாயில் கப்பல் தரைதட்டியதற்கும் அது காரணமில்லை. ஆனால் அலுவலகக் கடிதங்களைத் திருத்தியே தலை நரைத்த மனிதருக்கு, திருத்த எதுவும் இல்லாத காலைப்பொழுது என்பது பெரிய கொடுமை. கையில் போன் இருந்தது. போனில் கட்டடத்து வாட்ஸப் குழு இருந்தது. இறங்கிவிட்டார்.

லிப்ட் ஓடவில்லை என்று இரண்டாம் மாடி எழுதினால், லிப்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது; சொல்லின் வாலில் புள்ளிகள் விட்டுப்போனதைப் பற்றி நாலு வரி. கல்லூரிப் பிள்ளைகள் அரபியை ஆங்கில எழுத்தில் எழுதி, அதில் சிக்காத ஒலிக்கு மூன்று, ஏழு என்று எண்களைச் சொருகினால், "இது மொழியா, டெலிபோன் நம்பரா?" என்று கேட்டார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் "மாஷாஆஆஆ அல்லாஹ்" என்று நீட்டியவரிடம், உபரி எழுத்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மனைவி புஸைனாவையும் விடவில்லை. போன வருஷம் அவள் தம்பி இறந்தபோது ஃபேஸ்புக்கில் எழுதினாள். பேசுகிற மாதிரியே எழுதினாள். "நீ இல்லாம வீடு விறைச்சுப் போச்சுடா." அதற்குக் கீழே, ஊரே பார்க்க, கணவரின் குறிப்பு: "இல்லாமல், போயிற்று என்று வரவேண்டும்." அன்றிலிருந்து புஸைனா அவர் கண்ணில் படும்படி ஒரு வரியும் எழுதவில்லை. திருந்திவிட்டாள் என்று ரஷ்வான் நினைத்துக்கொண்டார். மனைவி வாயை மூடினால் அது தன் வெற்றி என்று எடுத்துக்கொள்வதற்கு, கணவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு டிசம்பர் மழையில் மூன்றாம் மாடி ஹாஜ் மம்தூஹ் இறந்துபோனார். அவர் மனைவி மதாம் ஆயிதா விடிந்ததும் குழுவில் எழுதினாள். இன்னா லில்லாஹி, என் வீட்டுக்காரர் போயிட்டார், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

முதல் பதில் ரஷ்வானுடையது. "'இன்னா'வில் அலிஃபுக்குக் கீழே ஹம்ஸா விட்டுப்போயிருக்கிறது. திருத்தி மறுபடி அனுப்பவும்."

தப்பைத் திருத்துவது தப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லைதான். ஆனால் வீடு பற்றி எரிகிறது என்று கத்துகிறவளிடம் உச்சரிப்பைச் சரிசெய்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

அன்று சாயங்காலம் தெருவை அடைத்து இரங்கல் பந்தல் போட்டார்கள். ரஷ்வான் போய் உட்கார்ந்தார். அவருக்கு இடப்பக்க நாற்காலி காலி. வலப்பக்கமும் காலி. இடமில்லாமல் மழையில் நின்றவர்கள்கூட அங்கே வந்து உட்காரவில்லை. சர்க்கரை போடாத காப்பித் தட்டு எல்லாரிடமும் நின்று, அவரை மட்டும் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்து நனைந்த கோட்டைக் கழற்றினார்.

"என்ன கூட்டம் புஸைனா."

"நல்ல மனுஷன். வராம என்ன?"

"நான் போனா எனக்கு இவ்வளவு பேர் வருவாங்களா?"

"வர்றது அப்புறம். முதல்ல குழுவில எழுதணுமே. யாருக்கு அவ்வளவு சுத்தமா எழுத வரும்?"

ரஷ்வான் அன்று சாப்பிடவில்லை. காலி நாற்காலிகள் கண்ணுக்குள்ளேயே இருந்தன. தன் பந்தலில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

மறுநாளிலிருந்து குழுவில் சத்தமில்லை. ஒரு சலாம் இல்லை. ஒரு தப்புகூட இல்லை. ஒரு வாரம் கழித்து, தலையெல்லாம் சோப்போடு நிற்கும்போது தண்ணீர் நின்றது. குளியலறைக் கதவைத் திறந்து கத்தினார். புஸைனா நிறைந்த வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"தண்ணி நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசுல பட்டுச்சு."

கீழே இறங்கி வாசல்காவலர் அப்துல் தவ்வாபைப் பிடித்தார்.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம தண்ணிய நிறுத்துறீங்க?"

"தொட்டி கழுவுறோம் உஸ்தாத். நேத்தே எல்லாருக்கும் சொல்லியாச்சே."

"எங்கே சொன்னீங்க?"

அப்துல் தவ்வாப் வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு உஸ்தாத். உள்ள போங்க."

சந்தேகத்தை உறுதிசெய்தது வெளிச்சக் குழி. எல்லா மாடிச் சமையலறை ஜன்னல்களும் அந்தக் குழிக்குள்தான் திறக்கும். அங்கே காது வைத்து நின்றார். இரண்டாம் மாடியில் ஒரு போன் சிணுங்கியது. அதே நொடியில் மூன்றில், நான்கில், ஐந்தில். அவருடைய வீட்டிலேயே புஸைனாவின் அங்கிப் பையில். அடுத்து ஒவ்வொரு மாடியிலிருந்தும் சிரிப்பு. அவர் கையிலிருந்த போன் மட்டும் கல் மாதிரி கிடந்தது.

"வேற குழு ஒண்ணு ஓடுது, இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குத்தான் எழுதத் தெரியாதே, உஸ்தாத்."

கோபம் வந்தால்தான் அவள் அவரை உஸ்தாத் என்பாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போக எவ்வளவு நேரமாகும்? ஆனால் அதைவிட எளிதான வழி ஒன்று ரஷ்வானுக்குத் தோன்றியது. புது நம்பர் வாங்கினார். ஆறாம் மாடியில், குவைத்துக்குப் போன குடும்பம் பூட்டிவிட்டுப் போன வீட்டில், ஹாஸிமின் அம்மா, அதாவது உம் ஹாஸிம், என்று ஒரு பெண்ணைக் குடிவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஆயிதாவுக்கு எழுதினார். ஒவ்வொரு தப்பையும் பல்லைப் பிடுங்குகிற வலியோடுதான் போட்டார்.

"ஸலாம் அக்கா. நாண் ஆராம் மாடிக்கி புதுசா வந்து இருக்கென். பேறு உம் ஹாஸிம். கட்டட குழுவுல சேத்துகங்க."

ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு சேர்த்துக்கொண்டார்கள். குழுவின் பெயரைப் பார்த்தார்: 'உஸ்தாத் இல்லாத கட்டடம்'.

உள்ளே ஒரு ஊரே குடியிருந்தது. தக்காளி எங்கே மலிவு, எந்தத் தையல்காரர் ஏமாற்றுகிறார், இரண்டாம் மாடிப் பூனை யார் வீட்டில் குட்டி போட்டது. எல்லாவற்றுக்கும் நடுவே புஸைனா. ஒரே சுவர் தள்ளி உட்கார்ந்திருக்கும் புஸைனா.

"எங்க வீட்டு உஸ்தாத் இன்னைக்கு மருந்துச் சீட்டைத் திருத்திக்கிட்டிருக்கார். டாக்டர் தப்பிச்சா சரி."

கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி நின்றன. ரஷ்வானும் ஒன்று போட வேண்டியிருந்தது. சந்தேகம் வரக் கூடாதல்லவா?

வெள்ளிக்கிழமை தோறும் அவள் தன் தம்பிக்கு எழுதினாள். கல்லறைக்குப் போனேன்டா, செடி பட்டுப்போச்சுடா என்று. வரிக்கு வரி தப்பு. ரஷ்வானின் கட்டைவிரல் துடித்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு முழுவதையும் படித்தார். ஒரு வருஷமாக இவளுக்கு இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. வீட்டில், உப்பு எடுத்துத் தா என்பதோடு முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்பே, குடிவந்த இரண்டாம் நாளே ஆபத்து வந்தது. புதுசாக வந்தவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொடுக்காமல் விடும் ஊரா இது? அதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

"உம் ஹாஸிம், சாயங்காலம் நாலு பேரும் மேல வர்றோம்" என்று ஆயிதா எழுதினாள்.

"வேனாம் அக்கா. ஹாஸிமுக்கு பல்லு வலி. டாக்டர்கிட்ட போறொம்."

"அப்ப வாசல்ல வெச்சுட்டுப் போறோம். குழந்தைக்கு மெதுவான சோறா வைக்கிறோம்."

பூட்டிய வீட்டு வாசலில் தட்டுகள் இருந்தால் காலையில் அப்துல் தவ்வாப் பார்ப்பார். குட்டு உடைந்துவிடும். லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரஷ்வான் படியேறினார். இருட்டிய ஆறாம் மாடி வாசலில் நாலு தட்டு. நீலக்கரை போட்ட தட்டு அவருடைய வீட்டுடையது. மூடியைத் திறந்தார். பச்சைக் கோதுமை அடைத்த புறா. கல்யாணமான புதிதில் புஸைனா அவருக்குச் செய்து போட்டது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று அவருக்கே ஞாபகமில்லை. முன்பின் தெரியாத உம் ஹாஸிமுக்கு இது கிடைக்கிறது.

படியிலேயே உட்கார்ந்து ஆறிப்போன புறாவைச் சாப்பிட்டார். எங்கோ கால்வாயில் ஒரு கப்பல் கூவியது.

தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் குடும்ப மானம் போய்விடும். இல்லாத குடும்பமானாலும் மானம் மானம்தான்.

"புஸைனா, கொஞ்சம் பஸ்பூஸா செய்யேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே."

"ஆசையா இருக்கு."

"எவ்வளவு செய்ய?"

"ஒரு… நாலு தட்டு."

புஸைனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆசை கொஞ்சம் பெரிசுதான்" என்று சொல்லிவிட்டு ரவையை எடுத்தாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு வாசலிலும் தட்டை வைத்து, மணியை அடித்துவிட்டு, மூட்டுவலியோடு ஓடினார். கடைசித் தட்டைத் தன் வீட்டு வாசலிலேயே வைத்துத் தன் வீட்டு மணியையும் அடித்தார். குழுவில் பாராட்டு கொட்டியது.

"கைமணம்னா இது. ரவை பதம் அப்படியே நம்ம புஸைனா செய்யற மாதிரி."

"என்னைவிட நல்லாவே செஞ்சிருக்காங்க" என்று புஸைனா எழுதினாள்.

தன் சாமர்த்தியத்தை நினைத்து ரஷ்வானுக்கே மெய்சிலிர்த்தது. சுங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவன், கண்ணில் மண் தூவத் தெரியாமலா?

நாட்கள் போயின. உம் ஹாஸிமுக்கு இடுப்புவலிக்குத் தைலம் சொன்னார்கள். ஹாஸிமின் பல்லுக்காகத் துஆ செய்தார்கள். காலையில் முதல் சலாம் யாருடையது என்று பார்க்க அவர் தூக்கத்திலிருந்து எழுந்தார். ரஷ்வானை மட்டும் யாரும் எதற்கும் கேட்கவில்லை. ரஷ்வான் படியில் எதிரே வந்தால் பேச்சு நின்றது. உம் ஹாஸிம் செத்தால் இந்தக் கட்டடமே அழும், ரஷ்வான் செத்தால் குழுவில் யாரும் எழுதக்கூடத் துணிய மாட்டார்கள் என்று ஒரு நாள் சவரம் செய்யும்போது தோன்றியது. பாதி முகத்தோடு வெகுநேரம் நின்றார்.

பிறகு ஆயிதா எழுதினாள்: "நாளைக்கு மம்தூஹுக்கு நாற்பதாம் நாள். எல்லாரும் அவரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதுங்க. பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும். உம் ஹாஸிம், நீங்க அவரைப் பார்த்ததே இல்ல. உங்களைக் கேக்கல."

பிற்பகல் முழுக்க வரிகள் வந்தன. பள்ளிக்கட்டணம் கட்டிக் கொடுத்தது, பிரசவத்துக்குக் காரை ஓட்டியது, சீட்டாட்டத்தில் ஏமாற்றியது. எழுத்தும் புள்ளியும் கண்டபடி சிதறிக் கிடந்தன. ரஷ்வான் கட்டிலில் உட்கார்ந்து படித்தார். ஒரு தப்பும் கண்ணில் படவில்லை.

எழுத ஆரம்பித்தார். தப்பு போடவும் இல்லை, திருத்தவும் இல்லை. கை போன போக்கில் போனது. கோடையில் தர்பூசணியோடு அவர் வந்தால் மம்தூஹ் லிப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நானும் பழமும் ஏறுற வரைக்கும் மனுஷன் ஒத்தைக் கால்ல நிப்பார். மேல இருந்து யாராவது கத்துவாங்க. அவர் சிரிப்பார். அவருக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்ல. அவர் போன அன்னைக்கும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லல."

அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. மம்தூஹை அடக்கம் செய்த பிறகல்லவா உம் ஹாஸிம் இந்தக் கட்டடத்துக்கே வந்தாள்.

வெளிச்சக் குழியில் எல்லா மாடியிலும் போன் சிணுங்கியது. சிரிப்புச் சத்தம் வரவில்லை. ரஷ்வான் திரையைப் பார்த்தார். ஆயிதா எழுதிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். மறுபடி எழுதினாள்.

"அந்தத் தர்பூசணிக் கதையை அவரும் சொல்வார். நாளைக்குக் கீழ பந்தலுக்கு வாங்க. பக்கத்துல யாராவது உட்காருவாங்க."

ஆயிதா கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று ஒரு கணம் அவருக்கு நம்பிக்கை வந்தது. அப்போது புஸைனா ஈரக்கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். அங்கிப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

"என்ன சாவி இது?"

"ஆறாம் மாடி."

"உன்கிட்ட எப்படி?"

"குவைத்துக்குப் போனவங்க என்கிட்டதானே கொடுத்துட்டுப் போனாங்க. மாசா மாசம் ஜன்னலைத் திறந்து காத்து விட்டுட்டு வர்றது யாருன்னு நினைச்சீங்க?"

"அப்போ… முதல் நாளே?"

"முதல் நாளே ஆயிதா வந்து கேட்டா, சேர்க்கட்டுமான்னு. சேர்த்துக்க, ஒருத்தர்கூடப் பேசாம மனுஷன் செத்துப்போயிடுவார்னு சொன்னேன்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"அப்துல் தவ்வாபுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் தெரியும். படிக்கட்டுல புறா எலும்பு கிடந்த அன்னைக்கு."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து குழாயைத் திறக்கிற சத்தமும், கூடவே அவள் குரலும் வந்தன.

"சாயங்காலம் தண்ணி நிக்குதாம். வந்து வாளிய நிரப்பி வைங்க, உம் ஹாஸிம்."