ஆல்ட் அண்ணாச்சியும் கள்ளச் சீட்டும்

எமனே வந்தாலும் கேட் பாஸ் கேட்டிருப்பார் ஆல்ட் அண்ணாச்சி. பட்டாளத்திலிருந்து வந்து, ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலைக்கு வாட்ச்மேன் ஆனவர். "ஆல்ட்!" என்று பட்டாளத்துப் பாணியில் நிற்கச் சொல்லி அவர் கத்தினால் ரோட்டில் போகிற பஸ்ஸே ஒருகணம் யோசிக்கும். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே கிளார்க். மில்லைவிட்டு எது வெளியே போனாலும் சீட்டு வேண்டும் என்பது விதி. அதை மேனேஜரின் டிபன் கேரியர் வரைக்கும் கொண்டுபோனவர் அவர்தான்.

ஒரு மழைநாளில் என் குடையை நிறுத்தினார்.

"ஏலே கிளார்க்கு, இது உள்ள வந்ததுக்கு எழுத்து இருக்கா?"

"காலையில உங்க முன்னாலதான அண்ணாச்சி கொண்டுவந்தேன்!"

"நான் பாத்தேன். ரிஜிஸ்டர் பாக்கலியே."

குடை பறிமுதல். நனைந்தபடி வீட்டுக்குப் போன வீரன் நான். திருப்பிக் கேட்கவும் துணிவு வரவில்லை.

அந்த வருஷம் அவருக்கு என்னவோ ஆனது. ஒரே உட்காரலில் பத்துப் பரோட்டா தின்றார். சட்டையோ நாளுக்கு நாள் தொளதொளத்தது. மார்கழிக் குளிரில் பனியனோடு நின்று வியர்த்தார். ரிஜிஸ்டரில் அவர் எழுத்து நண்டு ஓடிய தடம்போல் கிடந்தது. கண்கள் பிதுங்கி நின்றன. "அவிய ஏன் இப்படி முறைக்காக?" என்று வேலைக்கு வரும் பெண்கள் வேறு வாசல் தேடினார்கள். வேறு வாசல் கிடையாது.

மேனேஜர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்: குடி! ஒரு வாரத்தில் தக்க பதில் தராவிட்டால் வேலை காலி என்று மெமோ. அருகில் போய் யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் காவல் நின்ற மனிதரை டாக்டரிடம் அனுப்பவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எரிகிறது. அந்த மெமோவை டைப் அடித்தவன் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். 'தள்ளாடும் நிலையில்' என்ற அலங்காரத்தைச் சேர்த்தவனும் அவனே.

"குடிச்சேனா? பட்டாளத்துல குடுத்த ரம்மையே பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தள்ளிவிட்டவன்லே நான்!" என்று அண்ணாச்சி கத்தினார். மெமோ அவர் கையில் ஆடியது. வெட்கம் தாங்காமல் நானே அவரை பஸ் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அவர் நீட்டிய விரல்கள்மேல் டாக்டரம்மா ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் மதுரைக்குப் போய், முடிவு வந்தது மெமோவின் கெடுவுக்கு முதல்நாள். மறுபடியும் பஸ் ஏறிப் போனோம்.

"தைராய்டு, அண்ணாச்சி. கழுத்துல இருக்க சுரப்பி. எம்புட்டு வேலை செய்யணும்னு மூளைக்கு அடியில இருந்து அதுக்குச் சீட்டு வரும். இப்ப அங்க இருந்து சீட்டு நின்னுபோச்சு. ஆனா அதே மாதிரி கள்ளச் சீட்டு விடாம வருது. சுரப்பி அத நம்பி மூணு ஷிப்ட்டும் ஓடுது."

"கள்ளச் சீட்டா? எவன் எழுதுதான்?"

"உங்க உடம்போட வாட்ச்மேன்தான். கிருமியப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி. சொந்த ஆளையே வேத்தாளா நெனச்சிருச்சு."

அண்ணாச்சி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "காவக்காரனே கள்ளச் சீட்டா? சொந்த ஆள அடையாளம் தெரியாதவனுக்கு என்ன டூட்டி? டிஸ்மிஸ் பண்ணுங்கம்மா அவன!"

"அவனை அனுப்பிட்டா பொறவு கிருமிய யாரு பிடிக்கது? சுரப்பிய அடக்க மாத்திரை தாரேன். மில்லுக்குக் கடுதாசியும் தாரேன். உக்காருங்க."

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "தள்ளாடும்னு போட்டது நீதான? மேனேஜருக்கு அம்புட்டுத் தமிழ் வராது" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்து, "ஏலே, ஒன் குடை கறுப்பா?" என்றார்.

கடிதத்தைப் படித்த மேனேஜர் மெமோவை வாபஸ் வாங்கினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. என் வாயிலும்தான்.

சில மாதம் மாத்திரை தின்றபின் ஒரு சாயங்காலம், "ஆல்ட்!" என்றார். நின்றேன். என் குடையை நீட்டினார், கூடவே ஒரு சீட்டு: 'குடை ஒன்று. கறுப்பு. நம்ம ஆள்.' எழுத்து ஒவ்வொன்றும் அணிவகுப்பில் நிற்பதுபோல் நேராக இருந்தது.

குடையை அடுத்த மழையிலேயே தொலைத்துவிட்டேன். சீட்டு இருக்கிறது.