கொத்தனார் கிடைத்த நாள்

தட்டச்சர் குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டார். உள்ளே கொத்தனார் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார். டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"என்னங்க இது, மனுஷனை உள்ள வெச்சு?" என்றாள் மனைவி.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன்னார்."

மனைவிக்குப் பகீரென்றது. போன தடவை டீ குடிக்கப் போனவர் திரும்பி வர ஒரு மாதம் ஆகியிருந்தது.

படுத்துவிட்ட தொழில்களை எழுப்பி உட்காரவைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. வீட்டைப் புதுப்பித்தால் பாதிச் செலவு மானியம். தெருவே கடப்பாரையைத் தூக்கியது. இடிக்க யார் வேண்டுமானாலும் இடிக்கலாம். கட்டுவதற்கு அந்த வட்டாரத்துக்கே ஒரே ஒரு கொத்தனார். தட்டச்சர் குடும்பம் குளிப்பதற்குப் பஸ் ஏறி மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. நாளைக் காலை அதிகாரி பார்க்க வருகிறார். வேலை முடியாவிட்டால் மானியம் போச்சு.

"இருந்தாலும் இது தப்புங்க. போலீஸ் கேசு ஆயிடும்."

அது அவருக்குத் தெரியாததா? நீதிமன்றத்தில் தட்டச்சர். 'ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்தல்' என்று எத்தனையோ முறை அடித்திருக்கிறார். அப்போதெல்லாம் இல்லாத பயம் இப்போது வந்தது.

"சரி, திறந்து விட்டுடறேன்" என்று எழுந்தார்.

வாசலில் எதிர்வீட்டுப் போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் வீட்டுச் சமையலறைக்குக் கூரை இல்லை.

"கொத்தனார் இங்க வந்தாரா சார்?"

"இல்லையே." மூளையைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது.

"டொக்கு டொக்குன்னு கேக்குதே?"

"வீட்டுல ஏதோ இடிக்கிறாங்க."

சொன்ன வாய் மூடுமுன் மனைவி சமையலறைக்கு ஓடி வெறும் உரலை இடிக்கத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கம்தான் வந்தாருன்னாங்க. எப்படியும் உங்க வாசலைத் தாண்டித்தானே போகணும்" என்று போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இனித் திறந்தாலும் கேசு, திறக்காவிட்டாலும் கேசு.

அடுத்து ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். கொத்தனாரின் மனைவி.

"அவரைப் பாத்தீங்களாண்ணே? காலையில இந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சவர்தான். போனு அணைஞ்சு கெடக்கு. மானியம் வருதுன்னு எங்க அடுப்படியையும் இடிச்சுப் போட்டுட்டு, ஒரு செங்கல் எடுத்து வெக்கல. சாப்பிடவும் வரல. எங்கே என்ன ஆச்சோ..."

கை ஓய்ந்து தட்டச்சரின் மனைவி உரல் இடிப்பதை நிறுத்தினாள். அப்போதுதான் தட்டச்சர் கவனித்தார். குளியலறையிலிருந்தும் சத்தம் இல்லை.

குளியலறை ஜன்னலைப் போன வாரம்தான் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே காற்று? 'அடைத்து வைத்தல்' என்ற வரிக்குப் பிறகு சில வழக்குகளில் இன்னொரு வரி வரும். அதையும் அவர் அடித்திருக்கிறார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார் போலீஸ்காரரிடம். குளியலறையை நோக்கிக் கை காட்டியபடி நடந்தார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள்.

தாழ்ப்பாளை விலக்கித் தள்ளினார். கதவு அசையவில்லை. விழுந்து கிடக்கிறாரோ? கொத்தனாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டச்சர் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினார்.

போலீஸ்காரர் அவரை விலக்கிவிட்டுத் தோளால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். "உள்பக்கமும் தாழ் போட்டிருக்கே" என்றார்.

கதவிடுக்கு வழியாகக் கொத்தனாரின் குரல் ரகசியமாக வந்தது.

"மெதுவா தட்டுங்க சார், வெளிய கேட்டுடப்போவுது. எதிர்வீட்டுக்காரர் போயிட்டாரா? என் பொண்டாட்டியே வந்து கேட்டாலும் நான் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க."