ஆறு குத்துக்கும் வராத ரத்தம்

மண்ணூர்,
24-12-83, சனிக்கிழமை.

கோயமுத்தூர் மில்லில் வேலை பார்க்கும் என் மூத்த மகன் சிரஞ்சீவி தாண்டவராயனுக்கு உன் தாயார் பாப்பம்மாள் தலைமேல் கைவைத்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான், உன் தம்பி நாகப்பன், அவன் பெண்சாதி மரகதம், பிள்ளைகள், கறவை மாடு இரண்டு, எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் சம்சாரமும் குழந்தையும் சுகமாய் இருக்க ஏகாம்பரநாதர் துணை நிற்பார். வரி மேலும் கீழுமாகப் போனால் என் கையைக் குறை சொல்லாதே, கண்ணைச் சொல்.

முதலில் நல்ல சேதி. உன் தம்பி மகன் தசரதனைக் கம்பெனியில் நிரந்தரம் செய்துவிட்டார்கள். லைனில் இருபது பேர் நிற்கிறார்களாம், சூப்பர்வைசர் இவனை மட்டும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், மற்றவர்களையெல்லாம் "ஏய்"தானாம். அவன் தங்கை அம்சவல்லி டைப்பு பரீட்சையில் பாஸ். எழுத்தைப் பார்க்காமலே அடிக்கிறாள், கண் இருந்தும் உன் தம்பிக்குக் கையெழுத்துப் போட அரை நாள் ஆகிறது. சின்னவன் கோபால் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது பரிசு, சோப்பு டப்பா. ஓடியது இரண்டே பேர்தான் என்று அவன் அம்மா எழுதினால் நம்பாதே, மூன்று பேர். உன் மகள் ராஜாமணி பத்தாம் மாதத்திலேயே எழுந்து நடந்தாள் என்று எழுதியிருந்தாய். நம் வம்சத்தில் பத்து மாதத்தில் நடந்தது அவளும் நானும்தான்.

இதெல்லாம் யார் ரத்தம்? என் ரத்தம். அந்த ரத்தம் என் கையில் இல்லை என்று நேற்று ஒரு ஆஸ்பத்திரியே கூடி நின்று சொல்லிவிட்டது தாண்டவராயா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது உனக்குத் தெரியும். இப்போது இடதும் மங்குகிறது. எதிரே வருவது ஆளா ஆடா என்று வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன், அதிலும் உன் தம்பி விஷயத்தில் இரண்டு தடவை ஏமாந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு மதராசிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று என் பேரை எழுதிக்கொண்டார். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் கத்தி வைக்கமாட்டாராம். புதன்கிழமைக்குள் அந்தச் சீட்டு வராவிட்டால் என் பேரை அடித்துவிட்டு அவர் போய்விடுவார், திரும்ப வருவது பங்குனியில். பங்குனிக்குள் எனக்கு முழுக்க இருட்டிவிடும்.

சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சரியாகத்தான் செய்தேன். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டது, அதற்கப்புறம் கிருத்திகை விரதம் எப்படி இருப்பேனோ அப்படியே இருந்தேன், தண்ணீர் பல்லில் படவில்லை, எச்சிலைக்கூடப் பாதிதான் விழுங்கினேன். விடிகாலையில் மரகதம் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"அத்தே, தண்ணி குடிக்கலாம்னு நர்ஸம்மா சொல்லிகீறாங்க. ஒரு சொம்பு குடிச்சிகினு கெளம்பு."

"இன்னாடி, என் விரதத்த முறிக்கப் பாக்கிறியா?"

"இது இன்னா விரதம் அத்தே? ரத்தம் குடுக்கத்தான போறோம்! வெந்நியாவது வெளாவி வெச்சிகீறேன், குளிச்சிட்டு வா."

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு வெந்நீர் விளாவாதவளுக்கு அன்றைக்கு மட்டும் என்ன கரிசனம்? நான் யோசித்தேன். பேசாமல் கிணற்றடிக்குப் போய் மார்கழிக் குளிரில் எட்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு பஸ் ஏறினேன். வாளி இறைக்கிற பலம் இருக்கிறவள் கையில் ரத்தம் இருக்காதா, நீயே சொல்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவன் பேர் யாக்கோபு. எனக்கு முன்னால் ஒரு மூட்டை தூக்குகிறவன் உட்கார்ந்தான், கையில் நரம்பெல்லாம் மாட்டுக் கயிறு மாதிரி, என் கண்ணுக்கே தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவனுக்கு எடுத்து முடித்தாகிவிட்டது. அடுத்து நான். ரப்பர் குழாயால் என் கையை இறுக்கிக் கட்டினான், தட்டினான், தடவினான், "இன்னா ஆயா, கை ஐஸ் மாதிரி கீது?" என்றான். முதல் குத்து, வரவில்லை. இரண்டாவது, வரவில்லை. பிறகு இடது கையைக் கேட்டான். இடது கையில் எனக்கு ஒன்பது வயதில் குறத்தி பச்சை குத்திய தேள் இருக்கிறது, நீ சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் சோறு தின்பாய். இவன் ஜன்னல் பக்கம் கையைத் திருப்பி, "ஆ, கெடச்சிச்சி!" என்று ஊசியை இறக்கினான் பார், தேளின் வாலில் இறக்கினான்!

"டேய், அது நரம்பு இல்லடா, தேளு!" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண்டுகள் சிரித்தார்கள். அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை, கண் தெரிந்தால்தானே. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். குறத்தி அதே இடத்தில் குத்தியபோது ரத்தம் வந்தது. அரிவாள்மணையில் விரல் பட்டால் இன்றைக்கும் அரைக்கீரை சிவக்கிற அளவுக்கு வருகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள், உடம்பில் எங்கே குத்தினாலும் ரத்தம் உண்டு என்று வாத்தியார் பலராமன் சொல்லிக்கொடுத்தார். இவன் ஊசிக்கு மட்டும் ஏன் இல்லை?

நாலாவது குத்துக்கு நர்ஸ் ஜெயலட்சுமி என்கிறவள் வந்தாள். கையைக் கீழே தொங்கவிடச் சொன்னாள், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாள், விரலை மூடித் திறக்கச் சொன்னாள். ஐந்து, ஆறு. ஊசிக்குள் ஒரு கடுகளவு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

"ஆயா, தண்ணி குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு கெடையாது!" என்றேன், பெருமையாகத்தான்.

"அய்யய்யோ, அதான்! தண்ணி இல்லன்னா நரம்பு சுருங்கிடும் ஆயா. பச்சத்தண்ணியில வேற குளிச்சிட்டு வந்துகீறீங்க, குளிருக்கு உள்ள பூந்துக்கும். வயசானவங்களுக்கு ஊசி பட்டதும் நரம்பு நழுவும். நீங்க கைய இரும்பாட்டம் வெறைச்சிகினு வேற கீறீங்க. புதன்கிழமை தண்ணி குடிச்சிட்டு வாங்க."

கேட்டாயா கதையை? அறுபத்தெட்டு வருஷம் என் கையிலேயே குடியிருந்த நரம்பு இவளைப் பார்த்ததும் எங்கே நழுவும்? கையில் இடம் என்ன ஏக்கர் கணக்கிலா இருக்கிறது? அதைவிடப் பெரிய விஷயம் வேறு. தண்ணி குடி என்று காலையில் மரகதம் சொன்னாள், வெந்நீர் என்றாள். மத்தியானம் இவளும் தண்ணி என்கிறாள், வெந்நீர்த் துணி என்கிறாள். இரண்டு பெண்கள் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது முன்னாடியே பேசி வைத்ததுதான். மெதுவாக விசாரித்தேன். நர்ஸுக்கு எந்த ஊர் என்கிறாய்? குன்றத்தூர். மரகதத்துக்குப் பிறந்த ஊர் எது? குன்றத்தூர்! நான் எதுவும் சொல்லவில்லை, நீயே கூட்டிக் கழித்துக்கொள்.

எதற்காக என்று கேட்பாய். எனக்குக் கண் தெரியாதவரைக்கும் மரகதத்துக்கு ராஜ்ஜியம். தோசைக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறாள், பாலில் எவ்வளவு தண்ணீர், அடுப்படியில் தேங்காய் எந்த வழியாக வெளியேறுகிறது, எல்லாம் நான் காதால் கேட்டுத்தான் யூகிக்கவேண்டியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்ததும் நான் முதலில் பார்க்கப் போவது எண்ணெய்த் தூக்கைத்தான் என்று அவளுக்குத் தெரியாதா? யாக்கோபு மேலும் எனக்குச் சந்தேகம். வரவில்லை வரவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனான், உள்ளே மேசைமேல் நாலைந்து சீசா சிவப்பாகத் தெரிந்தது. மங்கிய கண்ணுக்கே அவ்வளவு சிவப்பாகத் தெரிந்தால் அது நல்ல ரத்தமாகத்தான் இருக்கும், நல்ல ரத்தம் என்றால் அது யாருடையது? சர்க்கரை பார்க்க எடுத்துக்கொண்டார்களோ, கம்பெனியில் கை நசுங்கி வருகிறவர்களுக்கு ஏற்ற எடுத்துக்கொண்டார்களோ, ஏகாம்பரநாதருக்கே வெளிச்சம். நாகப்பனிடம் சொன்னேன். "உங்கிட்டேந்து எடுத்து யாருக்கும்மா ஏத்துவாங்க, ஏத்துனா அவன் எழுந்து ஆசுபத்திரிய அதிகாரம் பண்ணுவான்" என்று சிரிக்கிறான். பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டான், அவனைச் சொல்லிப் புண்ணியமில்லை.

ஆகையால் இந்தக் கடிதத்தைத் தந்தியாகப் பாவித்து, கண்டவுடன் லீவு போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர். புதன்கிழமை என்னோடு வந்து அந்த ஊசியைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும், உன் தம்பி பெண்சாதியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் சம்சாரத்துக்கு என் அன்பு. குழந்தைக்கு என் கண்ணே பட்டிருக்கும், அந்தக் கண்ணால் இனி பட ஒன்றுமில்லை, இருந்தாலும் சுற்றிப் போடு. நீங்கள் எல்லோரும் வாழையடி வாழையாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாப்பம்மாள்.

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். நீ வரவேண்டாம். நீ எப்படி வருவாய், இந்தக் கவரைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தது இன்னும் தசரதன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. துவைக்க எடுத்தபோது மரகதம்தான் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

இன்றைக்கு விடிகாலையில் அவள் மறுபடி சொம்போடு வந்தாள். "அத்தே, குன்றத்தூர் முருகன் கோயில் தீர்த்தம். எங்கண்ணன் குடுத்தனுப்பிச்சான். தீர்த்தம் விரதத்துக்கு ஆவும் இல்ல?" என்றாள். ஆவும் என்றேன். தீர்த்தத்தை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? ரெண்டு சொம்பு குடித்தால்தான் வேண்டுதல் பலிக்குமாம், ரெண்டையும் குடித்தேன். மிச்சத் தீர்த்தத்தில் குளித்தால் விசேஷம் என்று ஒரு அண்டா நிறைய வைத்திருந்தாள், குளித்தேன். கம்பளியால் இரண்டு கையையும் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். யாக்கோபுதான் குத்தினான். ஒரே குத்து. "பாரு ஆயா, கொழாய் தொறந்தாப்ல வருது!" என்றான். நானும் கையை விறைக்கவில்லை, மரகதம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், ஒரு வாரத்தில் கட்டு அவிழ்ப்பார்கள்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். தீர்த்தத்தில் துளசி கிடந்தது, பச்சைக் கற்பூரமும் மணத்தது, சரி. ஆனால் சுடச்சுட இருந்தது. எந்த மலைக் கோயிலில் தீர்த்தத்தைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்? அடியில் இருந்த கரிப்பு நம் கிணற்றுக் கரிப்பு, ஐம்பது வருஷமாய்க் குடிக்கிறவளுக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. நீயும் கேட்டு எழுதாதே. மேலே அவளைப் பற்றி எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடு, பிள்ளைகளைப் பற்றி எழுதியதை மட்டும் நாலு பேருக்குப் படித்துக் காட்டு.

கட்டை அவிழ்க்கிற அன்றைக்கு நான் பார்க்க ராஜாமணியைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. ஸ்டூடியோக்காரன் கையில் பொம்மையைக் கொடுத்து முகத்தை மறைத்துவிடுவான், விடாதே. கவர்மேல் மரகதம் பேரைப் போடு. அதுவரைக்கும் பிரிக்காமல் அவளே வைத்திருக்கட்டும், அவளைத்தான் நம்பலாம்.