உருகிய உப்பும் ஒரு தேங்காயும்

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டும். அறிவைக் காட்டக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

பாடாலூர் மெயின்ரோட்டில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தவர், தன் மகளுக்காக என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெண்ணின் புகைப்படம் ஏற்கெனவே என் சட்டைப்பைக்குள் குடியேறியிருந்தது. இந்த இடம் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்ற நிலை. அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவரை நேரே அங்கேயே வரச் சொன்னேன். பேட்டரிக்காரரே பார்த்திராத பேட்டரியைக் காட்டி அசத்துவதாகத் திட்டம்.

கரி அடுப்பின் மேல் இரும்புக் கிண்ணம். அதில் உப்புக் கலவை, இரண்டு உலோகத் தகடுகள், கம்பி இழுத்து ஒரு டார்ச் பல்பு. உப்பு கெட்டியாக இருக்கும்வரை பல்பு எரியாது, உருகினால் எரியும். எரிந்தது.

"தண்ணி எங்க ஊத்துறதுங்க?" என்றார் அவர். நாள் முழுக்க பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் வேறென்ன கேட்பார்?

"இதுக்குத் தண்ணியே ஆகாதுங்க. ஒரு சொட்டு பட்டாலும் வெடிச்சிடும்." பின்னால் பலகையிலும் சிவப்பு எழுத்தில் அதையே எழுதியிருந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "புதுசால்ல இருக்கு! எங்க கடையில புது பேட்டரி வந்தா சிறுவாச்சூர் ஆத்தாள நெனச்சு ஒரு தேங்கா ஒடைப்போம். நீங்க பூச போட்டீங்களா?" எங்கள் வீட்டுக்கென்று பழத்தோடு வாங்கி வந்திருந்த தேங்காயை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

வருங்கால மாமனார் நீட்டினால் யாராவது யோசிப்பார்களா? கிண்ணத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, அடுப்பை ஒட்டியிருந்த கல்லில் பக்தியோடு ஓங்கி உடைத்தேன்.

படீர்!

உப்பில் பாதி ஓட்டுக் கூரையில் இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். அவருடைய வெள்ளை வேட்டி சல்லடையாகியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. சிவப்பு எழுத்துப் பலகையின் கீழே நான் மட்டும் கைக்கொரு தேங்காய் மூடியோடு நின்றேன். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

வீட்டில் போய் என்ன சொன்னார் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவிதான் சொன்னாள்: "பையன் தங்கமான பையன். நான் சொன்னா மறுபேச்சே இல்லாம கேக்குறாரு. என்னா ஒன்னு, அவரு சொல்றத அவரே கேக்க மாட்டேங்குறாரு."

இன்றும் ஆயுத பூஜையன்று மாமனார் கடையில் கற்பூரம் ஏற்றியதும், மச்சினன் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். "மாமா, கொஞ்சம் வெளிய போயி நில்லுங்க."

ரோட்டோரம் போய் நிற்கிறேன்.